தட்டிக் கேளுங்கள்

சென்ற திங்கள் இப்பகுதியில், மழைக்காலத்தில் வீட்டுச் சுவர்களில் ஏறும் ஈரத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் எம்மைக் கண்டு, “சுவரைக் காப்பாற்றச் சொன்னீர்கள், வாசலில் நிற்கும் காரை மறந்துவிட்டீர்களே!” என்று உரிமையோடு கடிந்துகொண்டார். மறக்கவில்லை, எழுதுவதற்குச் சற்று வெட்கமாக இருந்தது. காரின் அடிப்பாகத்தில் துருவேறுவதைப் பற்றி எமக்குத் தெரிந்தவற்றில் பாதி, சொந்தப் பணத்தை இழந்து கற்றவை.

ஆயினும் இனிக் காலம் தாழ்த்தலாகாது. மும்பையில் மழை ஓய்ந்துவிட்டது. தீபாவளி நெருங்குகிறது. சங்கத்துக் குடும்பங்கள் பல கார்களிலேயே ஊருக்குப் புறப்பட ஆயத்தமாகி வருகின்றன. இங்கே மழை விடைபெறும் ஐப்பசியில்தான் நம் ஊர்களில் மழை தொடங்குகிறது. நான்கு மாதம் இந்நகரின் நீரில் நனைந்த வண்டி, திருநெல்வேலிச் சீமைக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அங்கும் மழையிலேயே நிற்கப் போகிறது. புறப்படுமுன் சக்கரத்தில் காற்றைப் பார்க்கிறோம், எண்ணெயைப் பார்க்கிறோம், எலுமிச்சம்பழமும் வைக்கிறோம். வண்டியின் அடியைக் குனிந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையின் அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழிப்பவர். எம் தந்தையாரோ பாதையில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாக ஓய்வு பெற்றவர். நாள்தோறும் சுத்தியலும் தோளுமாகத் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து, தட்டி எழும் ஓசையைக் கொண்டே எது இறுக்கம், எது தளர்ச்சி என்று அறிந்தவர். முழங்கால் தேய்ந்து, லோக்கல் வண்டியில் ஏற முடியாத நிலை அவருக்கு வந்தபோதுதான், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கென்று பழைய கார் ஒன்றை வாங்கத் துணிந்தோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. வண்டிக்கு வயது ஒன்பது. வெளிப்பூச்சில் ஒரு கீறலும் இல்லை. தரகர் எம்மைக் குனியச் செய்து அடிப்பாகத்தையும் காட்டினார். புதுத் தார்ச்சாலைபோல் கறுகறுவென்று மின்னியது. “அடியில் கோட்டிங் அடித்தாயிற்று, இனித் துருவுக்கு அங்கே வேலையில்லை,” என்றார். எம் தந்தையார் அருகில் முக்காலியில் அமர்ந்திருந்தார். “தம்பி, மேலே பூசியிருப்பதைப் பார்த்து மயங்காதே, தட்டிக் கேள்,” என்றார். நாம் நகைத்து, “அப்பா, இது தண்டவாளம் அன்று, கார்,” என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

இரண்டாம் மழைக்காலத்தில் ஒரு நாள், முழங்கால் சிகிச்சைக்கு அவரை அழைத்துச் சென்றுகொண்டிருந்தோம். சாலையில் கணுக்கால் அளவு நீர். பின்னிருக்கையிலிருந்து அவர், “காலடி நனைகிறதே,” என்றார். மறுநாள் பட்டறையில் தரைவிரிப்பை விலக்கிய மெக்கானிக், திருப்புளியை வைத்து மெல்ல அழுத்தினார். அது மறுபுறம் போய்விட்டது. கறுப்புப் பூச்சு தோல்போல் அப்படியே இருந்தது. அதற்குள்ளிருந்த தகடு நமுத்த அப்பளமாக உதிர்ந்தது. அதனை ஒட்டிச் சென்ற பிரேக் குழாயிலும் துரு அரித்து, எண்ணெய் கசியத் தொடங்கியிருந்தது. “இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால், பிரேக்கை மிதிக்கும்போது ஒன்றும் பிடித்திருக்காது, சார்,” என்றார் மெக்கானிக். தகடு வெட்டிப் பற்றவைக்கவும், குழாய்களை மாற்றவும், பூசவுமாக நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. வீட்டுக்குத் திரும்பும் வழியில் தந்தையார் ஒரு சொல்லும் கூறவில்லை. “நான் சொன்னேன் அல்லவா?” என்று ஒரு முறை கேட்டிருந்தாலாவது எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று முதல், துரு என்பது யாது என்று கேட்டும் படித்தும் அறிய முற்பட்டோம். இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடினால் பிறப்பது துரு. இம்மூன்றில் ஒன்று இல்லையேல் துரு இல்லை. அலுமினியத்தின் மேலும் இத்தகைய படலம் உண்டாகிறது. ஆனால் அது இறுக ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கிறது. இரும்பின் துருவோ காப்பதில்லை. அது இரும்பைவிடப் பருமனில் பெரிது. ஆதலின் உப்பி, பொருக்காக உரிந்து, அடுத்த அடுக்கைக் காற்றுக்கும் நீருக்கும் திறந்துவிடுகிறது. பூச்சின் மேல் சிறு கொப்புளம் தோன்றினால், உள்ளே துரு இடம் போதாமல் நெளிகிறது என்று பொருள்.

இவ்வேலையை விரைவுபடுத்துவது உப்பு. துருவேறுதல் ஒரு மின்வேதிச் செயல்; உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் அச்செயல் வேகம் பெறுகிறது. அன்றியும், காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைக் கடந்தால், உப்பு காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரைகிறது. ஆடி ஆவணியில் உப்பு ஜாடி நீர்த்துவிடுவதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவர். காரின் அடியில் ஒட்டிய உப்பும் அங்ஙனமே. மழை பெய்யாத நாளிலும் தகட்டை ஈரமாகவே வைத்திருக்கும்.

கனடாவில் வாழும் எம் அண்டை வீட்டாரின் மகன் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது, அந்நாட்டு வழக்கத்தைக் கூறினார். அங்கே பனிக்காலத்தில் சாலையின் மேல் உப்பை வாரி இறைக்கின்றனர். தூய நீர் 0 பாகையில் உறையும். உப்பு கலந்தால் உறைநிலை கீழே இறங்குகிறது. நீர் தாங்கும் அளவுக்கு உப்பைக் கலந்தால் சுமார் மைனஸ் 21 பாகை வரை இறங்கும். எனினும், நடைமுறையில் மைனஸ் 10 பாகையை நெருங்கும்போதே சாதாரண உப்பு வலுவிழப்பதால், அதைவிடக் குளிர்ந்த நாள்களில் கால்சியம் குளோரைடு போன்ற பிற உப்புகளையும் சேர்க்கின்றனர். சாலை வழுக்காமல் உயிர்களைக் காக்கும் அவ்வுப்பு, கரைந்து வண்டியின் அடியில் தெறித்து இடுக்கெல்லாம் புகுகிறது. கடுங்குளிரில் துருவின் வேலை மெதுவாகவே நடக்கும். உப்புப் பனி ஒட்டிய வண்டியைக் கழுவாமல் கொண்டுபோய், வெப்பமூட்டிய கொட்டகையில் நிறுத்தினாலோ, பனி உருகித் துரு முடுக்கம் பெறும். ஆதலின் அங்குள்ளோர் பலர், பனிக்காலம் தொடங்குமுன் அடியிலும் உட்குழிகளிலும் துருத்தடுப்பு எண்ணெயைத் தெளித்துக்கொள்கின்றனர். பனிக்காலத்தில் அடிக்கடி அடிப்பாகத்தைக் கழுவுகின்றனர். பனி போனபின் மீண்டும் ஒரு முறை நன்றாகக் கழுவுகின்றனர்.

“நம் நகரில் பனி ஏது, உப்பு ஏது?” என்று கேட்கலாம். மும்பை மூன்று பக்கம் கடல் சூழ்ந்தது. வடாலாவிலும் பாண்டுப்பிலும் உப்பளங்களைக் கண்டிருக்கிறோம். கடலோரச் சாலைகளில் அலைத்திவலை காற்றோடு வருகிறது. ஓதம் ஏறும் வேளையில் கனமழையும் சேர்ந்தால், வடிய வேண்டிய நீர் வடியாமல் தெருவில் தேங்குகிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, வண்டிகள் கூரைவரை மூழ்கி நின்றதை இங்குள்ள மூத்தோர் மறக்கவில்லை. கனடாவின் பனிக்காலம் அவர்களது வண்டிக்குச் செய்வதை, நம் மழைக்காலம் நமது வண்டிக்குச் செய்கிறது.

உப்புக் காற்றின் வலிமைக்கு நம் நாட்டிலேயே பெருஞ்சான்று பாம்பன். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலம், 1964-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தும் மீண்டும் எழுந்து நின்றது. அத்தகைய பாலத்தையும் துரு விடவில்லை. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மீது ரயில் செல்வது நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், துருவேறாத எஃகுக் கம்பிகளையும், கடற்காற்றைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சையும் பயன்படுத்தியுள்ளனர்.

பாலத்திற்குக் கடல் எதிரி. ரயில் பெட்டிக்கோ உள்ளிருந்தே எதிரி உண்டு. எம் அலுவலகத்துக் கோப்புகளில் அடிக்கடி வரும் சொல், அடிச்சட்டத்துத் துரு. பழைய வகைப் பெட்டிகளில் துரு மிகுதியாகத் தோன்றும் இடம் கழிவறையை ஒட்டியும் வாயிற்கதவின் அடியிலுமே. நீர் மேலிருந்து கசிந்து, தரைக்கு அடியிலுள்ள நெளிதகட்டில் தங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். சென்னை பெரம்பூர்த் தொழிற்சாலை 2018-ஆம் ஆண்டு அப்பழைய வகைப் பெட்டி கட்டுவதையே நிறுத்திற்று. இப்போது கட்டப்படும் பெட்டிகளின் உடலுக்குத் துருவேறா எஃகே பெரிதும் பயன்படுகிறது. இதிலிருந்து கார் உடையார் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. துரு கீழிருந்து மட்டும் வருவதன்று. மேலிருந்தும் உள்ளிருந்தும் வரும். எம் வண்டியின் தரைத்தகடு அழுகியதும், கதவு ரப்பரின் வழியே கசிந்த நீர் விரிப்பின் அடியில் மாதக்கணக்கில் தங்கியதாலும், துருவை நீக்காமல் அதன் மேலேயே கறுப்பைப் பூசியதாலுமே. பூச்சு நீரை உள்ளே வரவிடாமல் தடுக்கவில்லை. உள்ளே வந்த நீரை வெளியே போகவிடாமல் தடுத்தது.

இனிச் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம்.

முதலாவது, கழுவுதல். தேங்கிய நீரிலோ கடலோரத்திலோ ஓட்டி வந்தால், ஓரிரு நாளுக்குள் அடிப்பாகத்தையும் மட்கார்டுகளின் உட்புறத்தையும் நல்ல நீரால் கழுவுங்கள். நல்ல நீர் என்று வலியுறுத்துகிறோம். கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருக்கும். அந்நீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். நாவில் ஒரு துளி வைத்துப் பார்த்தாலே தெரியும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் கழுவும்போது, விசைநீரை மின்கம்பி இணைப்புகளின் மீதும், பூச்சு உரிந்த விளிம்பின் மீதும் நேராகப் பாய்ச்ச வேண்டாமென்று சொல்லுங்கள்.

இரண்டாவது, உலர்த்துதல். கழுவியபின் சிறிது தூரம் ஓட்டி, வெயிலில் கதவுகளைத் திறந்து வைத்து நிறுத்துங்கள். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரவண்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடுவது, நனைந்த துணியைப் பெட்டிக்குள் மடித்து வைப்பது போன்றது. ஈரமண்ணிலும் புல்லிலும் நாள்கணக்கில் நிறுத்துவதும் ஆகாது.

மூன்றாவது, வடிதுளைகள். கதவுகளின் கீழ்விளிம்பிலும், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச்சட்டத்திலும் சிறு துளைகள் உண்டு. உள்ளே புகுந்த நீர் அவற்றின் வழியே வடிய வேண்டும். சேறு அடைத்துக்கொண்டால் அச்சட்டம் தொட்டியாகிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் அடைப்பை நீக்குங்கள். காசு செலவில்லாத இவ்வேலையைப்போல் பயன் தருவது வேறில்லை.

நான்காவது, தட்டிப் பார்த்தல். வண்டியைப் பட்டறையில் உயர்த்தி வைக்கச் சொல்லி, உடனிருந்து பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி எக்காரணத்தாலும் வண்டியின் அடியில் நுழையாதீர்கள். கதவடிச் சட்டம், சக்கர வளைவுகள், தகடுகள் சேரும் மூட்டுகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், உதிரிச் சக்கரக் குழி, பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள் ஆகியவை முதன்மையானவை. தகட்டைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். குழாய்களைத் தட்டாமல் கண்ணால் பார்த்தாலே போதும். நல்ல தகடு கணீரென்று சொல்லும். அழுகிய தகடு மழுங்கிய ஓசை தரும், பொருக்கும் உதிரும். குழாயிலோ, சட்டங்களிலோ அரிப்புக் கண்டால் பூச்சைப் பற்றி எண்ணாதீர்கள். முதலில் பழுதை நீக்குங்கள். அது அழகைப் பற்றிய கேள்வி அன்று; பின்னிருக்கையில் அமர்பவரின் உயிரைப் பற்றியது.

ஐந்தாவதுதான் பூச்சு. மேலாகப் படிந்த துருவெனில், கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளக்கும் இரும்பு தெரியுமட்டும் தேய்க்க வேண்டும். தேய்த்தும் போகாத குழிகளில் ‘ரஸ்ட் கன்வர்ட்டர்’ என்னும் திரவத்தைத் தடவலாம். நன்றாக உலர்ந்தபின் துத்தநாக பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ பூசி, அதன்மேல் அடிப்பூச்சு. ரப்பரோ தாரோ கலந்த தடித்த பூச்சு, கல் தெறிப்பதைத் தாங்கும். ஆனால் காலப்போக்கில் வெடித்து, வெடிப்பினுள் நீரை வாங்கிக்கொள்ளும். மெழுகு வகைப் பூச்சு மென்மையானது. இடுக்கிலும் உட்குழியிலும் ஊர்ந்து செல்லும். ஆண்டுதோறும் பார்த்து, தேய்ந்த இடத்தில் மீண்டும் தெளிக்க வேண்டும். எதனைப் பூசினும், சைலன்சர் குழாய், பிரேக் டிஸ்க், டிரம், ரப்பர் உறைகள், வடிதுளைகள் ஆகியவற்றின் மீது படலாகாது.

புது வண்டி வாங்குவோர் ஒன்றைக் கேட்டறிதல் நலம். நம் வீட்டு வாளியைப்போல் துத்தநாகம் பூசிய தகடுகளை இன்று பல வண்டிகளில் பயன்படுத்துகின்றனர். துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். வண்டியின் கூட்டை முழுவதுமாகப் பூச்சுத்தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் பூச்சை ஒட்டவைக்கும் முறையும் 1960-களிலிருந்து பரவிவிட்டது. ஆதலின், “கட்டாயம் கோட்டிங் செய்தே தீரவேண்டும்,” என்று விற்பனையாளர் வற்புறுத்தினால், தொழிற்சாலையில் ஏற்கெனவே செய்தது யாது, துருவுக்கான உத்தரவாதத்தின் விதி யாது என்று கேளுங்கள். பூச்சுக்காகத் துளையிட்டால் உத்தரவாதம் போய்விடக்கூடும். மின்சார வண்டியில் மின்கலம் அடியிலேயே இருப்பதால், அதனைத் தயாரிப்பாளரின் பணிமனையிலன்றி வேறெங்கும் தொடவிடாதீர்கள்.

செய்யத்தகாதவையும் இரண்டு உண்டு. பழைய எஞ்சின் எண்ணெயை அடியில் பூசுவது நம்மவரிடையே இன்றும் உள்ள வழக்கம். அது ரப்பரைக் கெடுக்கும், தோலுக்குத் தீங்கு, சூடான சைலன்சரில் பட்டால் தீப்பற்றவும் கூடும், சொட்டிய இடமெல்லாம் மண்ணையும் நீரையும் கெடுக்கும். மற்றொன்று, பேட்டரியோடு இணைத்தால் துருவே வராது என்று விற்கப்படும் சிறு மின்பெட்டி. மின்னோட்டத்தால் இரும்பைக் காக்கும் முறை பொய்யன்று. கப்பலிலும் மண்ணில் புதைத்த குழாயிலும் அது நன்கு பயன்படுகிறது. ஆனால் அங்கே இரும்பைச் சுற்றிலும் நீரோ ஈரமண்ணோ இருந்து மின்னோட்டத்தைச் சுமக்கிறது. காரைச் சுற்றியிருப்பது காற்று. அப்பணத்திற்குப் பல முறை நல்ல நீரில் கழுவலாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பற்றவைத்துப் பூசிய எம் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். தந்தையாரும் வருவேன் என்றார். வண்டியை உயர்த்தியதும் மெக்கானிக்கிடம் திருப்புளியை வாங்கி, ஒரு கையால் எம் தோளைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தோரம் நடந்த அதே நிதானத்தோடு சட்டம் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். இடப்புறப் பின்கதவின் அடியில் நின்றார். மீண்டும் ஒரு முறை தட்டினார். “இரும்பு நன்றாக இருக்கிறது, உள்ளே நீர் நிற்கிறது,” என்றார். மெக்கானிக் வடிதுளையில் குச்சியை விட்டார். அடைத்திருந்த சேறு விழுந்தது. அதன்பின் ஒரு டம்ளர் அளவு பழுப்பு நீர் வடிந்தது. இவ்வாண்டு எமக்கு ஆன செலவு, மூவருக்கும் தேநீர் வாங்கியது மட்டுமே.

ஊர் செல்லும் அன்பர்களே, புறப்படுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் ஏதேனும் சொன்னால், எம்மைப்போல் நகைத்துவிடாதீர்கள். நலமே சென்று, நலமே திரும்புக.